சிங்கப்பூர் – சென்னை நாலு மணி நேரம்: அம்மாவுக்கு பிசினஸ் கிளாஸ் போடலாமா?

ஈசூன்வாசி | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இங்கே பலர் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஊருக்குப் போய்வருகிறவர்கள் என்பதால் கேட்கிறேன்.

அம்மா மூன்று மாதமாக என்னோடு சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறார். வயது 71, இரண்டு முழங்காலும் தேய்மானம். அடுத்த மாதம் நானே கூட்டிப்போய் விட்டுவிட்டு வர வேண்டும். ஊர் கும்பகோணம் பக்கம். 17 வருடமாக எனக்குத் தெரிந்தது திருச்சி பட்ஜெட் விமானம் ஒன்றுதான். அம்மா வந்ததும் அதில்தான். ஜன்னல் ஓரம் பிடித்துக்கொடுத்தேன், மேகம் பார்ப்பாரே என்று. மேகம் பார்த்தது பத்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் "நான் எழுந்தா அந்தத் தம்பியும் எழுந்திரிக்கணுமே" என்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பாத்ரூம் போக வேண்டி வருமோ என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது கால் நிமிரவில்லை. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை சென்னைக்கு நேர் விமானம் பார்த்தேன். ஒருவழிக்கு எக்கானமி 290 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிசினஸ் 910. எனக்கு மூன்று வழி தெரிகிறது: இரண்டு பேரும் பிசினஸ்; அம்மா மட்டும் முன்னால், நான் பின்னால்; இல்லையென்றால் பழையபடி திருச்சி. நாலு மணி நேரத்துக்கு இது தேவையா என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

தேக்கா_தம்பி | ஞாயிறு, இரவு 9.58

அண்ணே, நாலு மணி நேரம். ஏறி உட்கார்ந்து, சாப்பிட்டு, ஒரு படத்தில் இடைவேளை வருவதற்குள் "பெல்ட் போடுங்க" என்று விளக்கு எரியும். லண்டனுக்குப் போனால் சரி, சென்னைக்கு எதற்கு? அந்த 620 வெள்ளிக்கு முஸ்தபா கடையில் ஒரு தள்ளுவண்டி நிறைய வாங்கலாம்.

போல்ட்நட் | ஞாயிறு, இரவு 10.31

விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது வகுப்பின் பெயரை அல்ல, எந்த விமானம் வருகிறது என்பதை. இந்தத் தூரத்தில் "பிசினஸ்" என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று சரக்கு விற்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் எடுத்த போயிங் 787-10 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிசினஸில் 36 சீட், 1-2-1 என்ற அமைப்பு, அதாவது இரண்டு ஜன்னல் ஓரமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, யாரும் யாரையும் தாண்ட வேண்டாம், 76 அங்குல நீளத்துக்குத் தட்டையாகப் படுக்கலாம். பின்னால் 3-3-3 என்று 301 சீட். இதுவே ஒற்றை நடைபாதை உள்ள சின்ன விமானமாக இருந்தால், பெரும்பாலும் முன்னால் இரண்டிரண்டாக அகலமான சோபா மாதிரி சீட்டுகள்தான். சாயும், படுக்காது. காசு கிட்டத்தட்ட ஒன்றுதான். டிக்கெட் போடும்போதே விமான வகை எழுதியிருக்கும். சீட் வரைபடத்தைத் திறந்து ஒரு வரிசையில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவதும் உண்டு, அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

இன்னொன்று. பழைய வகை விமானங்களில் உள்ளே இருக்கிற காற்றழுத்தம் கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல, அதாவது தொட்டபெட்டாவுக்குக் கொஞ்சம் கீழே. 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அது 6,000 அடி அளவில் இருக்கும். வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் இது முன்னால் உட்கார்ந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். காற்றுக்கு வகுப்பு கிடையாது.

ஷார்ஜா_ஷட்டில் | திங்கள், அதிகாலை 1.12

போல்ட்நட் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கமும் சென்னைக்கு நாலு மணி நேரம்தான். மூன்று வருடம் முன்னால் கம்பெனி காசில் பிசினஸ் கிடைத்தது. உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போனேன். ஏறிப் பார்த்தால் ஒரு வரிசையில் ஏழு சீட், 2-3-2. எனக்கு நடு மூன்றில் நடு! இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், இருவரும் தட்டையாகப் படுத்துவிட்டார்கள். பாத்ரூம் போக ஒருவரின் காலைத் தாண்டினேன், நம் வீட்டில் தூங்குகிறவர்களைத் தாண்டக்கூடாது என்பார்களே, அந்தப் பாவமும் சேர்ந்தது. பெயர் வேண்டாம். அந்த விமானங்களை இப்போது ஒவ்வொன்றாக மாற்றி வருகிறார்களாம்.

இரவுப்பணி | திங்கள், காலை 7.45

நான் செவிலியர், இங்கே மருத்துவமனையில். இரவு ஷிஃப்ட் முடித்து ரயிலில் வந்துகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

"நாலு மணி நேரம்தானே" என்று சொல்கிறவர்களுக்கு: 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு முடிவு வெளியிட்டது. நாலு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் ரத்தம் உறைகிற ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பயப்படாதீர்கள், இரட்டித்தாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். விமானம் மட்டுமில்லை, பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் 71 வயது, தண்ணீர் குடிக்காமல், ஜன்னல் ஓரத்தில் அடைந்து கிடப்பது நல்லதில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அந்தத் தண்ணீர் விஷயம்தான்.

முழங்கால் தேய்மானத்துக்குப் படுக்கை முக்கியமில்லை. காலை நீட்டி, மடக்கி, மாற்றி மாற்றி வைக்க இடம் வேண்டும், எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். எக்கானமியில் நடைபாதை ஓரச் சீட்டே பாதி வேலையைச் செய்துவிடும். நம் ஆட்கள் பெரியவர்களுக்கு ஆசையாக ஜன்னல் ஓரம் வாங்கிக் கொடுக்கிறோம்.

சக்கர நாற்காலிக்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது, எந்த வகுப்பானாலும் கேட்கலாம். கேட்கும்போது வகையைச் சரியாகச் சொல்லுங்கள். படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூசிஎச்ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூசிஎச்எஸ். சீட் வரைக்குமே தூக்கி வைக்க வேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. வெறும் "வீல்சேர்" என்று சொன்னால் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் விமானத்தை முனையத்தை விட்டுத் தள்ளி நிறுத்திப் படி வைத்தால் அம்மா திண்டாடுவார்.

ஈசூன்வாசி | திங்கள், மதியம் 12.20

எல்லோருக்கும் நன்றி. ஜன்னல் ஓரம் என் தப்புதான். அம்மாவை மட்டும் முன்னால் உட்காரவைப்பது எப்படி? கூடுதல் செலவில் பாதி மிச்சம். நான் நடுநடுவே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூரோங்_ஜோல்னா | திங்கள், மதியம் 12.41

வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம்.

நான் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன். நடுவில் திரை போட்டுவிடுவார்கள். பின்னால் இருந்து முன்னால் போக விடமாட்டார்கள். கெஞ்சிக் கேட்டால் ஒரு தடவை விடுவார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற மணி எங்கே இருக்கிறது என்று தெரியாது. சீட்டோரம் இருக்கிற பட்டன்களைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். சாப்பாடு வந்தபோது "வேண்டாம்" என்று கையசைத்திருக்கிறார், காசு கேட்பார்களோ என்று. இறங்கியதும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "ஏன்டா, என்ன தனியா அனுப்பிட்ட?"

டிகிரிகாபி | திங்கள், மாலை 5.05

நானும் கும்பகோணம்தான். யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். சென்னையில் இறங்கி எப்படிப் போவீர்கள்? திருச்சியிலிருந்து நம் ஊர் நூறு கிலோமீட்டருக்குள். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டர் பக்கம், காரில் ஆறு மணி நேரம், திண்டிவனம் தாண்டுவதற்குள் இடுப்பு போய்விடும். 910 வெள்ளி கொடுத்து நாலு மணி நேரம் காலை நீட்டிவிட்டு, அப்புறம் ஆறு மணி நேரம் காரில் மடக்கப் போகிறீர்களா?

சிக்கல் என்னவென்றால், திருச்சிக்கு நேராக வருவதெல்லாம் பெரும்பாலும் முழுக்க எக்கானமி விமானம். சொகுசு வேண்டுமானால் சென்னை, வீடு பக்கத்தில் வேண்டுமானால் திருச்சி. 2024இல் திருச்சியில் புது முனையம் திறந்த பிறகு அங்கே நடக்கிற தூரமும், குடிநுழைவு வரிசையும் முன்பு போல் இல்லை, பெரியவர்களுக்குப் பரவாயில்லை. அம்மாவின் காலைக் கணக்குப் பார்ப்பதென்றால் ஈசூன் வாசலிலிருந்து ஊர் வாசல் வரைக்கும் சேர்த்துப் பாருங்கள்.

ஈசூன்வாசி | திங்கள், மாலை 6.30

அது எனக்கும் உறைத்தது. நங்கநல்லூரில் சித்தி வீடு இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து கிட்டம். ராத்திரி அங்கே தங்கிவிட்டு, காலையில் தாம்பரத்தில் சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியம் கும்பகோணம். அம்மா ரயில் என்றால் வலியை மறந்துவிடுவார்.

மைல்பொறுக்கி | திங்கள், இரவு 11.02

உங்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் புரியவில்லை. போகும்போது பிசினஸ் தேவையில்லை, வரும்போதுதான் தேவை. சென்னையிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரம் கடிகாரம் திருடிக்கொள்ளும். கண்ணை மூடித் திறப்பதற்குள் சாங்கியில் காலை ஆறு மணி, ஒன்பது மணிக்கு ஆபீஸ். தட்டையாகப் படுக்க வேண்டியது அந்த ராத்திரியில். பகல் விமானத்தில் படுக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மோட்டுவளையைப் பார்ப்பதா?

அப்புறம், காசு கொடுத்து வாங்காதீர்கள். கடன் அட்டையில் மைல் சேருங்கள், அதாவது செலவு செய்யச் செய்ய ஏறுகிற புள்ளிகள், அவற்றைக் கொடுத்தே டிக்கெட் எடுக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதி, தூங்கவிடாதீர்கள். ஆனால் இந்தியாவிலிருந்து காசு கொடுத்து பிசினஸ் டிக்கெட் போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் எக்கானமிக்கு மேலே உள்ள எல்லா வகுப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. எக்கானமிக்கு அதே 5தான்.

தேக்கா_தம்பி | திங்கள், இரவு 11.09

இலவச சரக்கைப் பற்றி இன்னும் யாருமே பேசவில்லை, என்ன ஒழுக்கமான குழு இது!

உட்லண்ட்ஸ்11 | செவ்வாய், அதிகாலை 2.36

நான் இங்கே எழுதுவது குறைவு. இந்த இழையைப் படித்ததும் தூக்கம் வரவில்லை.

நான் ஒரே ஒரு தடவை பிசினஸ் கிளாஸில் போயிருக்கிறேன். அப்பா இறந்த அன்று. காலையில் அண்ணன் போன் செய்தான். பொங்கலுக்கு முந்தின வாரம், திருச்சி, சென்னை, மதுரை எதிலும் இடமில்லை. மாலை சென்னை விமானத்தில் முன்னால் இரண்டு சீட் இருக்கிறது என்றார்கள். விலையைப் பார்க்காமல் அட்டையை நீட்டினேன். ஏறியதும் ஒரு பெண் தட்டில் கண்ணாடிக் கோப்பைகளோடு வந்தார், ஷாம்பெயின், ஆரஞ்சு ஜூஸ். நான் தலையசைத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு கட்டு டிஷ்யூவும் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் சீட்டை அவரே படுக்கையாக்கி, போர்வையை எடுத்துக் கொடுத்தார். படுத்தேன். தூங்கவும் செய்தேன். இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன்.

விடியற்காலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான், இரண்டு ராத்திரி தூங்காத கண். "எப்படிடா வந்த?" என்றான். "ஏதோ கிடைச்சுது" என்றேன். ஏழு வருடம் ஆகிறது. எப்படி வந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை.

அம்மா இருக்கும்போது கூட்டிப் போகிறீர்கள். போங்கள்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 8.10

@உட்லண்ட்ஸ்11 அண்ணா, தூங்கியது தப்பில்லை.

ஈசூன்வாசி | செவ்வாய், காலை 9.15

இரண்டு பேருக்கும் பிசினஸ் போட்டுவிட்டேன். சென்னை. போய்வந்து எழுதுகிறேன்.

போல்ட்நட் | செவ்வாய், காலை 9.40

நடு இரண்டு சீட்டை எடுங்கள். ஆனால் வரைபடத்தை உற்றுப் பாருங்கள். சீட்டுகளை முன்பின்னாகத் தள்ளி வைத்த அமைப்பாக இருந்தால், ஒரு வரிசையில் நடு இரண்டும் ஒட்டி இருக்கும், அடுத்த வரிசையில் நடுவே மேசை வந்து விலகி இருக்கும். அம்மாவுக்குச் சைவம் என்றால் ஆசிய சைவ உணவு என்று 24 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

ஈசூன்வாசி | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4.25

சொன்னபடி வந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்.

பிசினஸ் பயணிகள் காத்திருக்கிற லவுஞ்சில் இருபது வகை சாப்பாடு இருந்தது. அம்மா ஒன்றையும் தொடவில்லை. பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார், தயிர்சாதம், மாவடு. சாங்கியில் எங்கள் முனையத்தில் பாதுகாப்புச் சோதனை புறப்படும் வாயிலில்தான் என்பதால் டப்பா அதுவரைக்கும் தப்பித்துவிட்டது. பக்கத்தில் கோட் போட்டவர் வைன் குடித்துக்கொண்டிருந்தார். மாவடு வாசனைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

விமானத்தில் சுடச்சுடத் துண்டு கொடுத்தார்கள். அம்மா முகம் துடைத்தார், கை துடைத்தார், அப்புறம் அதை நாலாக மடித்து முன்னால் இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பணிப்பெண் பினாங்குத் தமிழ்ப் பெண். "அம்மா, அது நான் செய்றேன்" என்றார். அதற்கப்புறம் இருவரும் தோழி ஆகிவிட்டார்கள். பெல்ட்டில் தலையணை மாதிரி தடிப்பாக ஒன்று இருக்கிறது, உள்ளே காற்றுப்பை. அது வயிற்றில் உறுத்துகிறது என்று இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டார்.

கால் வைக்கிற இடம் முன் சீட்டுக்கு அடியில் ஒரு பொந்து. "என்னடா இது, எலி வளை மாதிரி" என்றார். நான் பட்டனை அழுத்தி மெதுவாகச் சீட்டைத் தாழ்த்தினேன். பாதி போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும், நிறுத்து. நாலு ஆம்பளைங்க நடக்கிற இடத்துல எப்படிப் படுக்கறது?" ஆக, 76 அங்குலப் படுக்கை, அப்படியே இருந்தது. பாதிச் சாய்வில் காலை நீட்டி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தூங்கினார். குறட்டையோடு. மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போனார், யாரையும் கேட்காமல். தண்ணீர் நாலு டம்ளர். இரவுப்பணி அக்கா, உங்களுக்காக எண்ணினேன்.

எவ்வளவு காசு என்று ஏறும்போதே கேட்டார். "மைல் சேர்த்து வச்சிருந்தேன், அதுல வந்தது" என்றேன். "நடந்து சேர்த்ததா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு குறை. நாங்கள் எடுத்தது ஒட்டிய வரிசைதான், ஆனாலும் நடுவில் ஒரு தடுப்பு உயர்ந்து நின்றது. அதை இறக்கிவிட்ட பிறகும் அம்மா என்னிடம் பேச முன்னால் குனிய வேண்டியிருந்தது. பாதி வழியில் "பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்குடா" என்றார். பெட்டிக்கு "முதலில் இறக்கவும்" என்று அட்டை கட்டியிருந்தார்கள். பெல்ட்டில் கடைசிக்கு முந்தியதாக வந்தது.

ஆனால் சென்னையில் கால் நிமிர்ந்தது. சக்கர நாற்காலி தயாராக நின்றது, கதவிலிருந்து அதுவரை அம்மா தானாகவே நடந்து வந்தார். மறுநாள் சோழனில் எதிர் சீட்டில் ஒரு குடும்பம், சீர்காழிக்காரர்கள். விழுப்புரம் வருவதற்குள் அவர்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கிற வரைக்கும் பேச்சு போய்விட்டது. விமானத்தைப் பற்றிச் சொன்னார்: "காலுக்கு நல்லா இருந்துச்சு. ஆனா சிறுசுங்க பேசாம வராங்க, ஆளுக்கொரு பொட்டிக்குள்ள."

நான் திரும்பியது திருச்சி வழியாக, பட்ஜெட்டில், நடு சீட்.

மைல்பொறுக்கி | சனி, மாலை 4.50

கடைசியில் திரும்பும்போது நடு சீட்! நான் எதற்கு அவ்வளவு எழுதினேன்?

தேக்கா_தம்பி | சனி, மாலை 5.02

அண்ணே, அப்போ மறுபடி கூட்டிவரும்போது எது? முன்னாலயா, பின்னாலயா?

ஈசூன்வாசி | சனி, மாலை 6.18

தை பிறந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். திருச்சியிலிருந்தே போடச் சொல்லிவிட்டார், பக்கத்தில் என்னையும் உட்காரச் சொல்லி. ஜன்னல் வேண்டாம், நடைபாதை ஓரம்தான் என்று ரொம்ப நேரம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன்.